தனகோட்டிக்கு முன்னால் நடந்த கல்

சிப்பிமேட்டில் எல்லைக்கல் நடக்க ஆரம்பித்த வருஷத்தில்தான் எங்கள் கொல்லைகளில் கத்தரிக்காய் சொத்தையே இல்லாமல் காய்த்தது, மத்தி மீன் வலைக்குக் கூடக் காத்திராமல் கரையோரம் வந்து பளபளத்துக் கிடந்தது. ஆகவே எங்கள் ஊர்க்காரர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் கத்தரிக்காயைச் சொல்வார்கள், பிறகு மத்தியைச் சொல்வார்கள், இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, ஆமாம், அப்போதுதான் தனகோட்டிக்கு முன்னால் கல் நடந்தது என்பார்கள்.

அப்போது சிப்பிமேடு பிரெஞ்சுக்காரன் சீமையில் இருந்தது. இரண்டு வயலும் ஒரு ஓடையும் தாண்டினால் ஓடக்கரை, அது இந்திய யூனியன். அவர்களுடைய வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டான். எங்களுடைய வெள்ளைக்காரனோ, விருந்து முடிந்து எல்லோரும் கைகழுவிப் போன பிறகும் இலையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஊருக்கும் ஒரே அம்மன், ஒரே சுடுகாடு, ஒரே நாவிதர். அங்கே பெண் கொடுத்தோம், இங்கே பெண் எடுத்தோம், நடுவில் நாடு என்று ஒன்று போகிறது என்பது அதிகாரிகள் வந்து வரிசையாகக் கல் நட்ட பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

அவர்கள் கல் நட்டது, எங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம். காப்புக் கட்டும் அன்றைக்கு ஊர் எல்லையைச் சுற்றி வந்து, எல்லையில் நிற்கிற கல்லுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பூசணிக்காய் உடைப்பது எங்கள் வழக்கம். கல்லைக் கண்டால் எண்ணெய் தேய்ப்போமே ஒழிய, இது எந்தக் கல், யார் நட்டது என்று விசாரித்துவிட்டுத் தேய்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. முழங்கால் உயரம், புதுக் கருங்கல், இரண்டு முகத்திலும் என்னவோ எழுத்து வெட்டியிருந்தது. மந்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அவற்றில், ஓடைக்குப் போகிற வழியில் நின்ற கல்லுக்கு எண்ணெய் தேய்த்தவள் தனகோட்டி. காலையில் கரையில் மீன் எடுத்து, சும்மாடு வைத்துக் கூடையைத் தலையில் ஏற்றி, ஓடையைத் தாண்டி யூனியன் ஊர்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புகிறவள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம், ஆனால் அது வெளியே வருவதற்குள் வாய் முந்திக்கொள்ளும். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு ஒற்றைப் பெண் அமிர்தத்தை வளர்த்து ஓடக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கல்லை ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அழுத்தித் தேய்த்து, நெற்றி என்று தோன்றிய இடத்தில் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படியே வேண்டிக்கொண்டாள்: "தாயி, தெனம் இந்த வழியாத்தான் போறேன் வர்றேன். எனக்குன்னு ஆளில்ல. நான் எங்க போனாலும் எனக்கு முன்னால நீ நில்லு."

மறுநாளிலிருந்து கல் அப்படியே செய்தது.

அது நடந்ததை யாரும் பார்த்ததில்லை, நின்றதைத்தான் பார்த்தோம். தனகோட்டி கூடையோடு வந்தால், அவளுக்கு மூன்று முழம் முன்னால் கல் நிற்கும். அவள் இன்னும் நடந்தால் இன்னும் மூன்று முழம் முன்னால் நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம், இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். ஒருநாள் சோதித்துப் பார்க்க அவள் பின்பக்கமாகவே நடந்தாள். குதிகால் கல்லில் இடித்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். திரும்பி வீட்டுக்குப் போனால் மட்டும் கல் தன் குழிக்குப் போய் நல்ல பிள்ளையாக நின்றுகொள்ளும். கல்லைத் தாண்டினால்தானே யூனியன்? ஆகவே தனகோட்டி எவ்வளவு தூரம் நடந்தாலும் பிரெஞ்சுச் சீமையை விட்டு வெளியே போகவே முடியவில்லை. அவள் காலடி பட்ட இடமெல்லாம் பிரெஞ்சுச் சீமையாகி, அவள் திரும்பியதும் மறுபடி யூனியனாகிவிடும்.

அதனால் முதலில் அல்லாடியவர்கள் சுங்கச் சிப்பாய்கள் இருவர்தான். எங்கள் பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட அந்துவான், யூனியன் பக்கத்தில் காக்கிக் கால்சட்டை போட்ட பக்கிரிசாமி. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கூடைகளைச் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு உத்தரவு. கல் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவில் இல்லை. ஆகவே சோதனை மேஜையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவர்களும் நடந்தார்கள். முதல் வாரம் பேசிக்கொள்ளவில்லை, இரண்டாம் வாரம் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள், அப்புறம் அந்துவானின் தங்கைக்குப் பக்கிரிசாமி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்.

ஓடக்கரைப் பனந்தோப்புக்காரர்களுக்கு வந்த யோகத்தைச் சொல்லி மாளாது. யூனியனில் மதுவிலக்கு, எங்கள் பக்கத்தில் கள்ளுக்குத் தடையில்லை. தனகோட்டி பனந்தோப்பில் கூடையை இறக்கி வைத்தால் தோப்பு பிரெஞ்சுச் சீமை. உடனே மரத்தில் ஆள் ஏறும், கலயம் இறங்கும். அவள் கூடையைத் தூக்கினால் போச்சு, பாதிக் கலயம் குடித்தவன் மீதியைக் குடிப்பதற்குள் குற்றவாளி ஆகிவிடுவான். அதனால் அந்தத் தோப்பில் ஒரு கூறு கானாங்கெளுத்திக்கு நடந்த பேரம் போல உலகத்தில் வேறெங்கும் பேரம் நடந்திருக்காது. "இன்னும் கொஞ்சம் கொறச்சுக்க அக்கா, என்ன அவசரம், உட்காரு" என்று கெஞ்சுவார்கள். தனகோட்டிக்கும் எல்லாம் தெரியும். விலையைக் குறைக்கவே மாட்டாள்.

போலீஸ் தேடுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். யூனியன் போலீசுக்குப் பயந்தவன் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தான். பிரெஞ்சுக்காரனே வெளியேறு என்று கோஷம் போட்டுவிட்டு எங்கள் போலீசுக்குப் பயந்த விடுதலைக் கட்சிப் பையன்கள் கல்லுக்கு முன்னால் நடந்தார்கள். நடுவில் கூடையும், மேஜையும், இரண்டு சிப்பாய்களும். வயல் வரப்பில் இந்த ஊர்வலம் போகும்போது நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டார்கள். நாடு என்பது காலையில் மீன் வாசனையோடு வந்து மத்தியானம் போகிற ஒரு சாமான் என்றுதான் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் நினைத்துக்கொண்டிருந்தன.

பெரிய மனிதர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பிரெஞ்சுக் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, "அம்மா, அப்படியே நடந்து தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றார்கள். "அவ்ளோ தூரம் போனா மீன் நாறிடும்" என்றாள் தனகோட்டி. யூனியன் பக்கத்துத் தலைவர்கள் மாலையில்லாமல் வந்து, நீங்கள் ஒரு அடி வைத்தால் பாரதத் தாயின் மேனியில் ஒரு அடி பறிபோகிறது, தயவுசெய்து வீட்டோடு இருங்கள் என்றார்கள். "வீட்டோட இருந்தா உங்க பாரதத் தாயி கஞ்சி ஊத்துவாளாமா?" என்று கேட்டாள். இரண்டு கட்சி மேடைகளிலும் அவள் பெயர் அடிபட்டது, ஒன்றில் வீராங்கனை, இன்னொன்றில் கைக்கூலி. இரண்டு கூட்டத்துக்கும் அவளே போய் மீன் விற்றாள்.

ஆனால் அவள் மருமகன் சாரங்கபாணிக்கு அது விளையாட்டாக இல்லை.

சாரங்கபாணி ஓடக்கரைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கதர் தவிர வேறு கட்டமாட்டார். மீசை முளைக்கிற வயசில் வெள்ளைக்காரன் போலீசிடம் கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்று தடியடி வாங்கியவர். இடதுகை விரல் இரண்டு அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஜெயிலுக்கும் போய் வந்தார். நாடு என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கும், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அவர் கொடுத்தது நிஜம், அதற்காக அவர் வைத்திருந்த அன்பும் நிஜம். மாமியார் மேலும் அன்புதான். ஆனால் மாமியார் பெண்ணைப் பார்க்க வரும்போதெல்லாம் சுவரில் கொடி மாட்டிய தன் வீட்டுக் கூடம் பிரெஞ்சுச் சீமையாகிவிடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. அந்த நேரங்களில் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார்.

அமிர்தம் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து, பெண்ணை அழைத்துப் போகத் தனகோட்டி வந்தபோதுதான் பேச்சு வெடித்தது.

"தலைப்பிரசவம் தாய்வீட்டுல. இது நான் போட்ட சட்டமில்ல மாப்ள" என்றாள் தனகோட்டி.

"தெரியும் அத்தை. ஆனா உங்க வீடு அந்தாண்ட இருக்கு." சாரங்கபாணி மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த ரெண்டு விரலும் எதுக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். என் பிள்ளை இன்னொருத்தன் கொடிக்குக் கீழ பொறக்கக் கூடாது. அதை மட்டும் கேக்காதீங்க."

"சரி, அவளை அனுப்ப வேணாம். நான் இஞ்ச வந்து கூட இருக்கேன்."

"நீங்க வந்தா உங்க நாடும் கூடவே வருதே அத்தை."

கல் நடுக்கூடத்தில், வந்த சபையில் இடம் கிடைத்த விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தது. அமிர்தம்தான் பேசினாள். "எனக்கு எங்கம்மா வேணும். நாடு வந்தா வரட்டும், ஒரு ஓரமா உட்காரட்டும்."

சாரங்கபாணி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்படிப் போனால் முடியாது என்று அர்த்தம். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள்: பிரசவம் ஓடக்கரையில் நடக்கட்டும், தனகோட்டி தெருமுனைப் புங்கமரம் வரைக்கும் வரலாம், அதற்கு மேல் வரக்கூடாது. அவள் புங்கமரத்தடியில் நின்றால் கல் அமிர்தத்தின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நிற்கும், குழந்தை சுத்தமான யூனியனில் பிறக்கும். தனகோட்டி அதற்குத் தலையாட்டினாள். அவள் மறுபேச்சில்லாமல் ஒன்றுக்குத் தலையாட்டியதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒரு முற்பகலில் அமிர்தத்துக்கு வலி கண்டது. சேதி கேட்டுத் தனகோட்டி விற்காத கூடையோடு ஓடி வந்து புங்கமரத்தடியில் நின்றாள். மூன்று முழம் முன்னால் கல், கல்லுக்கு இரண்டு பக்கமும் சிப்பாய்கள். உள்ளே மருத்துவச்சி இருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், வெந்நீர் கொதித்தது. ஆனால் அமிர்தம் கூப்பிட்டது வேறு யாரையும் இல்லை. "அம்மா" என்று அவள் கத்துவது தெரு முழுக்கக் கேட்டது. வலியில் எல்லோரும் அம்மா என்றுதான் கத்துவார்கள். இவள் கத்தியதோ, வாசலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரியான கத்தல்.

வெயில் ஏறியது. குழந்தை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "இந்தப் பொண்ணு பிடிவாதமா மூச்சை அடக்குது. ஆத்தா வந்தாத்தான் ஆச்சுங்குது. இப்படியே போனா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல" என்று சாரங்கபாணியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தெருமுனையில் தனகோட்டி கல்லுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்டி, உனக்கு எண்ணெய் தேய்ச்சு விட்ட கையி இது. முன்னால நில்லுன்னு கேட்டது நான்தான், இல்லேங்கல. இன்னிக்கு ஒரு நாளு பின்னால நில்லேன். எம்பொண்ணு கூப்புடுறாடி" என்று அழுதாள். எழுந்து பாய்ந்து ஓடிப் பார்த்தாள். கல்லும் அவளுக்கு முன்னால் போய் நின்றது. சொன்ன சொல்லைத் தவறாமல் காப்பாற்றுகிறவர்களிடம் இதுதான் தொல்லை. அவள் மறுபடி மரத்தடிக்கே வந்தாள். கொடுத்த வாக்கை அவளும் காப்பாற்றினாள்.

சாரங்கபாணி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து வந்து, குனிந்து, கல்லைத் தூக்கிவிட்டார்.

அதைத் தூக்கலாம் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. கும்பிடுகிற நாங்கள் சாமியைத் தூக்கமாட்டோம், அதிகாரிகளுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். "சார், அது அரசாங்கச் சொத்து!" என்று இரண்டு சிப்பாய்களும் ஒரே குரலில் சொன்னார்கள். "எந்த அரசாங்கம்?" என்று கேட்டார் சாரங்கபாணி.

"போங்க அத்தை" என்றார். "நான் புடிச்சுக்கிறேன். நீங்க உள்ள போங்க."

தனகோட்டி ஓடினாள். கல்லைத் தாண்டி, கல் நடக்க ஆரம்பித்த பிறகு முதல் தடவையாகத் தனக்கு முன்னால் ஒன்றுமே நிற்காத ஒரு தெருவில் ஓடி, வீட்டுக்குள் போய்விட்டாள். சாரங்கபாணி ஜெயித்துவிட்டார். மாமியாரும் உள்ளே, நாடும் வெளியே. பிள்ளை அவர் ஆசைப்பட்ட மண்ணில்தான் பிறக்கப்போகிறது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் கல்லை விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்றுதான். பிடித்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் கல் நடுங்கியது. தனகோட்டி தேய்த்துத் தேய்த்து ஊறிய எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, வெதுவெதுவென்று, தாயிடமிருந்து பிரித்துக் கட்டிய கன்றுக்குட்டியின் இழுப்போடு அது வீட்டு வாசலைப் பார்த்து இழுத்தது. இழுத்ததே தவிர அவரை ஒன்றும் செய்யவில்லை. ஜெயிலில் இருந்தபோது தன் நெஞ்சுக்குள் இழுத்த இழுப்பு இதுவேதான் என்று அவருக்குப் பட்டது. அதற்கு அவர் தேசபக்தி என்று பெயர் வைத்திருந்தார். கல்லுக்கு அந்தப் பெயர் தெரியாது, எண்ணெய் தேய்த்த கையை மட்டும்தான் தெரியும். மடங்காத இரண்டு விரல்களும் கல்லின் மேல் நீட்டிக்கொண்டு நின்றன.

"இதுவும் அவங்களைத்தான் தேடுது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு பக்கிரிசாமியும் அந்துவானும் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார். ஆம்பிளை பிரசவம் நடக்கிற கூடத்துக்குள் போகக்கூடாது, போனார். கட்டிலுக்கு அப்பால், சுவரோரம், தான் மாட்டிய கொடிக்கு நேர் கீழே கல்லை இறக்கி, அதன் எழுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மனைவியின் நெற்றியை ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். அமிர்தம் ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். பெண் குழந்தை. அது போட்ட சத்தத்தில் புங்கமரத்துக் காக்கையெல்லாம் எழும்பின.

சிப்பாய்கள் தயங்கித் தயங்கிப் படிக்கு வந்தார்கள். "சார், மேல கேப்பாங்க. பிள்ளை எந்த நாட்டுல பொறந்துச்சுன்னு சொல்றது?" என்றார் பக்கிரிசாமி.

"எங்க வீட்டுல பொறந்துச்சு" என்றார் சாரங்கபாணி. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார், எண்ணெய் போகவில்லை. அன்றைக்குத் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார், சிப்பாய்களுக்கு இரண்டு தரம். தனகோட்டி மறுநாள் பால்சுறா கொண்டுவந்து பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து போட்டாள். அவள் இருந்த வரைக்கும் கல் சுவரோரமே நின்றது, சாரங்கபாணி எழுந்து கொல்லைக்குப் போகவில்லை.

அந்தக் குழந்தை தவழ்கிற காலத்தில் பிரெஞ்சுக்காரனும் ஒருவழியாக இலையை விட்டு எழுந்தான். ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியது. ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். அந்துவானுக்குக் காக்கித் தொப்பி வந்தது. விடுதலைக் கட்சிப் பையன்கள் யாருக்கும் பயப்படாமல் யாருக்கு வேண்டுமானாலும் முன்னால் நடந்தார்கள், பனந்தோப்பில் மட்டும் துக்கம். சாரங்கபாணி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஓடை வரைக்கும் வந்து பாடி, குரல் உடைந்து, மூக்கைச் சிந்தினார். நாங்களும் அழுதோம். சந்தோஷமாகத்தான் அழுதோம். இனிமேல் எல்லை இல்லை, ஆகவே கல்லெல்லாம் பிடுங்கப்படும் என்று அறிவித்தார்கள்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்தபோது மற்றக் கற்கள் எல்லாம் இருந்தன, தனகோட்டியின் கல் மட்டும் இல்லை. குழியும், குழியைச் சுற்றி எண்ணெய் ஊறிய கறுப்பு மண்ணும்தான் இருந்தன. யாரோ முன்னாலேயே பிடுங்கி எறிந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று காலை தனகோட்டி கூடையோடு குழிக்கரையில் வெகுநேரம் நின்றாள். பிறகு நடந்தாள். ஓடையைத் தாண்டினாள், வயலைத் தாண்டினாள், யாரும் மறிக்கவில்லை, மேஜையைத் தூக்கிக்கொண்டு யாரும் கூட வரவில்லை. நாடு முழுக்க அவளுக்குத் திறந்து கிடந்தது. அவளோ மூன்று முழத்துக்கு ஒரு தரம் தானாக நின்று நின்று, முன்னால் இருந்த வெறும் மண்ணைப் பார்த்துப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். வாய் அன்றைக்கு எழவே இல்லை. மீன் வாங்கக் கூப்பிட்டவர்களைக் கூடத் தாண்டிப் போனாள்.

மகள் வீட்டு வாசலில் சாரங்கபாணி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். "காலைல எழுந்து பாத்தேன் அத்தை. நீங்க இஞ்சதான் வருவீங்கன்னு தெரிஞ்சிருக்கு போல. முன்னாடியே வந்து நிக்குது" என்றார்.

சுவரோரம், கொடிக்குக் கீழே, அவர் முதலில் இறக்கி வைத்த அதே இடத்தில் கல் நின்றது. தலையில் புது எண்ணெய் மினுங்கியது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதுவரை தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை எழுந்து நின்றுகொண்டிருந்தது.

தனகோட்டி கூடையை இறக்கினாள். வாசற்படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைத்தாள், பழக்கத்தில் நின்றாள், கல்லைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை கல்லை விட்டது, தள்ளாடியது, ஒரு கால் எடுத்து வைத்தது.

கல் அங்கேயே நின்றது. குழந்தை வந்தது.